எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல்களில் துகள் உற்பத்தி அளவீடு

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் நேருக்கு நேர் மோதி அழியும்போது, விடுபடும் ஆற்றலிலிருந்து எந்தெந்தத் துகள்கள், எத்தனை, எவ்வளவு உந்தத்தோடு பிறக்கின்றன என்பதை எண்ணால் நிறுவும் சோதனைத் துறை. 1961இல் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டியில் புரூனோ டௌஷெக்கின் முயற்சியால் இயங்கத் தொடங்கிய 'அடா' என்ற சிறு வளையம் இவ்வகைக் கருவிகளின் முன்னோடி. இன்று ஜப்பானின் ட்சுகுபாவில் ஓடும் சூப்பர்கெக்பி வரை அந்த வரிசை நீள்கிறது. புரோட்டான் ஒரு மூட்டை. அதற்குள் குவார்க்குகளும் குளுவான்களும் அடைந்து கிடப்பதால், இரண்டு புரோட்டான்கள் மோதும்போது உண்மையில் எது எதோடு மோதியது, என்ன ஆற்றலோடு மோதியது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எலக்ட்ரானுக்கோ உள்ளுறுப்பு எதுவும் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. ஆகவே மோதலின் தொடக்க நிலை துல்லியமாகத் தெரியும். பிறந்தவற்றை எண்ணினால் கணக்கைச் சரிபார்க்கலாம். துல்லிய அளவீடுகளுக்கு இம்மோதுவிகளை நாடுவதன் காரணம் இதுவே.

கனடாவின் மொன்றியல் மாநகரில் இத்தகைய மோதுவி எதுவும் கட்டப்பட்டதில்லை. ஆயினும் அங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகமும் மொன்றியல் பல்கலைக்கழகமும் நாற்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இடைவிடாத பங்காளிகள். ஹாம்பர்க், ஜெனீவா, கலிபோர்னியா, ட்சுகுபா ஆகிய நான்கு இடத்து வளையங்களிலும் மொன்றியல் இயற்பியலாளர்களின் பெயர்கள் ஆய்வுத்தாள்களில் உண்டு. கருவிகளின் அளவை மனத்தில் கொள்ள அந்நகர வரைபடமே உதவும். சென் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள புரோசார்ட் நகரின் பனாமா நிலையத்துக்கும் ஆற்றுக்கு அப்பால் மொன்றியல் மத்திய நிலையத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ எட்டரைக் கிலோமீட்டர். 2023 முதல் புதிய இலகு ரயில் ஓடும் தடம் அது. ஜெனீவா அருகே நிலத்தடியில் ஓடிய லெப் வளையத்தின் விட்டமும் அவ்வளவே.

எண்ணிக்கையும் குறுக்குவெட்டுப் பரப்பும்

ஒரு வினை நிகழும் வாய்ப்பை இயற்பியலாளர்கள் பரப்பளவாகச் சொல்கிறார்கள். இதற்குக் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர். அலகு பார்ன், அதாவது 10⁻²⁴ சதுர சென்டிமீட்டர். எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல்களில் பெரும்பாலும் பேசப்படுவது அதில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோபார்ன். மோதுவி எவ்வளவு வாய்ப்பை வழங்கியது என்பதைச் சொல்வது லுமினாசிட்டி. இவ்விரண்டையும் பெருக்கினால் நிகழ்ந்த வினைகளின் எண்ணிக்கை வரும். பள்ளிக் கணக்கு போலத் தோன்றும் இந்தச் சமன்பாட்டைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருப்பதில்தான் சோதனையாளரின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. பதிவான நிகழ்வுகளை எண்ணி, அவற்றில் கலந்த வேற்று நிகழ்வுகளைக் கழித்து, கருவி தவறவிட்டவற்றை ஈடுகட்டி, லுமினாசிட்டியால் வகுத்தால் பரப்பு கிடைக்கும்.

இந்த நான்கு படிகளில் முதலாவதுதான் எளிது. எண்ணுவதைக் கணினி செய்துவிடும். மற்ற மூன்றும் ஒவ்வொன்றும் தனித்தனி ஆராய்ச்சி. ஓர் அளவீட்டின் தாளைப் பிரித்தால் விடை ஒரு வரியிலும், அந்த விடையின் பிழைக்கான விளக்கம் இருபது பக்கத்திலும் இருப்பது இதனால்தான். அனுபவமுள்ளவர்கள் அந்த இருபது பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.

கலப்புகள் பலவகை. கற்றையிலிருந்து வழி தவறிய துகள்கள் குழாயில் மிஞ்சிய வாயு அணுக்களில் மோதுவது ஒன்று. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழியாமலே ஆளுக்கொரு ஃபோட்டானை உமிழ்ந்து, அந்த ஃபோட்டான்கள் மோதிக் குறைந்த ஆற்றலில் குவார்க்குகளாலான ஹாட்ரான்களைத் தருவது இன்னொன்று. மோதுவதற்கு முன்பே ஒரு ஃபோட்டானைச் சிதறவிட்டு, மோதல் ஆற்றலைக் குறைத்துக்கொள்வது மூன்றாவது. இதற்குத் தொடக்கநிலைக் கதிர்வீச்சு என்று பெயர். இது சிறு திருத்தம் அல்ல. மென்விசையை ஏந்தும் இசட் துகளின் உச்சியில் அளந்த குறுக்குவெட்டுப் பரப்பை இது ஏறக்குறையக் கால் பங்கு தாழ்த்திவிடுகிறது. கோட்பாட்டுக் கணக்கைக் கொண்டு அதை மீட்ட பிறகே எண்ணுக்குப் பொருள் உண்டாகிறது.

தவறவிட்டதை எண்ணுதல்

கருவியின் கண்ணில் படாத துகளை எப்படி எண்ணுவது? உருவகக் கணினி நிரல்களை முழுக்க நம்ப முடியாது. தரவே தன்னைச் சோதித்துக்கொள்ளும் வழி வேண்டும். கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் நடந்த பாபார் சோதனை இதற்கு எலக்ட்ரானின் கனத்த உறவான டௌ லெப்டானின் இணைகளைப் பயன்படுத்தியது. ஒரு டௌ சிதைந்து ஒற்றை மின்னூட்டத் துகளையும், எதிரே சென்ற மற்றொரு டௌ மூன்று மின்னூட்டத் துகள்களையும் தரும் நிகழ்வுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒற்றைத் துகளும், மூன்றில் இரண்டும் தெரிந்துவிட்டால் போதும். மின்னூட்டம் அழியாது என்ற விதியின்படி மூன்றாவது இருந்தே ஆக வேண்டும். அது எத்தனை தடவை பதிவானது, எத்தனை தடவை காணாமற்போனது என்று பார்த்தால் தடம் காணும் திறன் நேராகக் கிடைத்துவிடும். அளவீட்டின் பல படிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இயற்கையின் ஒரு விதியைச் சாட்சிக்கு அழைத்துக் கருவியின் குறையை அளக்கிறார்கள்.

பாபாவின் அளவுகோல்

லுமினாசிட்டியைக் கற்றைகளின் மின்னோட்டத்தையும் குறுக்களவையும் கொண்டு கணிக்கலாம். ஆனால் சில சதவீதத்துக்கு மேல் துல்லியம் வராது. அதனால் எல்லா எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவிகளிலும் ஒரு குறிப்பிட்ட வினையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடித்துவிட்டு எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகவே வெளியேறும் வினை அது. அதன் குறுக்குவெட்டுப் பரப்பை மின்காந்தக் குவாண்டம் கோட்பாட்டிலிருந்து மிகத் துல்லியமாகக் கணக்கிடலாம். அக்கணக்கை முதலில் போட்டவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹோமி ஜஹாங்கீர் பாபா. தாள் 1936இல் ராயல் சொசைட்டி ஏட்டில் வெளியானது. இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை என்றே அவரை நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். உலகின் மோதுவிக் கட்டுப்பாட்டு அறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் 'பாபா நிகழ்வுகள்' என்ற சொல் வேறொரு பாபாவை நினைவூட்டுகிறது. 1945இல் அவர் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமே பின்னாளில் லெப் வளையத்தின் எல்3 சோதனையில் பங்கேற்றது.

பாபா சிதறல் சிறு கோணங்களில் வெகு வேகமாக ஏறும். கற்றைக் குழாயை ஒட்டி வைத்த உணர்கருவியின் உள்விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பதில் நேரும் நுண்பிழையும் விடையைப் பெயர்த்துவிடும். லெப் வளையத்தில் மொன்றியல் பல்கலைக்கழகம் இடம்பெற்ற ஓபல் சோதனைக் குழு, சிலிக்கானும் டங்ஸ்டனும் மாறிமாறி அடுக்கிய லுமினாசிட்டி மானி ஒன்றை 1990களில் பொருத்தி, சோதனைப் பிழையை 0.034 சதவீதத்துக்குக் குறைத்தது. அப்போது கோட்பாட்டுக் கணக்கின் பிழை 0.054 சதவீதம். கருவி கணக்கை முந்திவிட்ட அபூர்வச் சூழல் அது.

இதன் பலன் நியூட்ரினோ எண்ணிக்கையில் தெரிந்தது. இசட் துகள் நியூட்ரினோக்களாகச் சிதையும்போது கருவியில் ஒன்றும் பதியாது. ஆனால் அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் சிதைவது எவ்வளவு அதிகமோ, அவ்வளவு தாழும் ஹாட்ரான் உற்பத்தியின் உச்சி. உச்சியின் உயரத்தை அளந்தால் நியூட்ரினோ வகைகள் எத்தனை என்று சொல்லிவிடலாம். லெப்பின் நான்கு சோதனைகளும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது லட்சம் இசட் சிதைவுகளைப் பதிவு செய்தன. 2006இல் வெளியான இறுதி விடை: 2.984, பிழை 0.008. மூன்று வகை என்பது உறுதிப்பட்டது. ஆனால் மூன்றுக்குச் சற்றுக் கீழே, பிழையின் இரு மடங்கு தள்ளி நின்ற அந்த எண் சிலரை உறுத்திக்கொண்டே இருந்தது. புதிய இயற்பியலின் நிழலோ என்று எழுதியவர்களும் உண்டு.

லெப் நின்று இருபது ஆண்டு கழித்து, 2019இலும் 2020இலும், இரண்டு திருத்தங்கள் வந்தன. எதிரே வரும் துகள்கூட்டத்தின் மின்காந்தப் புலம் சிதறிய எலக்ட்ரான்களைச் சற்றே உள்நோக்கி வளைப்பதால் லுமினாசிட்டி ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாக எண்ணப்பட்டிருந்தது என்பது ஒன்று. பாபா சிதறலின் கோட்பாட்டுக் கணக்கையே போலந்தின் ஸ்தனிஸ்லாவ் யாதாக்கும் பேட்ரிக் ஜானோவும் மேலும் திருத்தியது மற்றொன்று. புதிய விடை 2.9963, பிழை 0.0074. ஒரே ஒரு மோதல்கூடப் புதிதாக நடத்தப்படவில்லை. இசட் நிகழ்வுகளின் பட்டியல் அப்படியே இருக்க, அளவுகோல் மட்டும் திருத்தப்பட்டதில் அந்த உறுத்தல் மறைந்துபோனது.

ஆர் விகிதம்

உற்பத்தி அளவீடுகளில் மூத்ததும் இன்றுவரை முடியாததும் 'ஆர்' விகிதம். ஹாட்ரான்கள் பிறக்கும் குறுக்குவெட்டுப் பரப்பை, எலக்ட்ரானின் மற்றொரு கனத்த உறவான மியூயானின் இணை பிறக்கும் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுப்பது. மியூயானின் கணக்கு எளிது: 86.8 நானோபார்னை, கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் (இனி ஜி.இ.வி.) சொன்ன மோதல் ஆற்றலின் இருபடியால் வகுக்க வேண்டும். ஹாட்ரான்கள் குவார்க் இணைகளாகத்தான் முதலில் பிறக்கின்றன என்றால், விகிதம் குவார்க்குகளின் மின்னூட்ட இருபடிகளின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். மேல், கீழ், விசித்திரம் ஆகிய மூன்று குவார்க்குகளுக்கு அது 2/3. அளந்தபோது வந்ததோ 2க்கு அருகில். ஒவ்வொரு குவார்க்கும் மூன்று 'நிறங்களில்' உண்டு என்ற கருத்துக்கு இதைவிட நேரடியான சான்று அன்று இல்லை. நான்காவது குவார்க் சேர்ந்ததும் விகிதம் 10/3 ஆகவும், ஐந்தாவது சேர்ந்ததும் 11/3 ஆகவும் படியேறும்.

அந்தப் படியேற்றம் நாடகத்தோடு வந்தது. 1974 நவம்பரில் ஸ்லாக்கின் ஸ்பியர் வளையத்தில் பர்ட்டன் ரிக்டர் குழு மோதல் ஆற்றலை 3.1 ஜி.இ.வி. அருகே சிறு சிறு அளவில் நகர்த்தியபோது, ஹாட்ரான் உற்பத்தி நூறு மடங்குக்கு எகிறியது. அதே நாட்களில் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழுவும் அதே துகளைக் கண்டதால் அதற்கு ஜே/சை என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. 1976இல் இருவருக்கும் நோபல் பரிசு. நான்காவது குவார்க் இருப்பதை உலகம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

இங்கே சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. குவார்க்குகளின் மின்னூட்டம் பின்னமாக இருக்கத்தான் வேண்டுமா, முழு எண்ணாக இருக்கலாகாதா என்ற கேள்வி எழுபதுகளில் சூடாக இருந்தது. முழு எண் என்று எடுத்துக்கொண்டால் மூன்று குவார்க்குகளுக்கு ஆர் 4 ஆக வேண்டும். அளவீடோ 2 என்றது. ஆகவே அந்தக் கருத்து செத்தது என்றே பலர் நினைத்தார்கள். பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. ராஜசேகரனும் பிரொபிர் ராயும் 1975இல் அது அவ்வளவு எளிதில் சாகாது என்று காட்டினார்கள். குளுவான்களும் மின்னூட்டம் பெற்று நிறை கொண்டிருந்தால், உயர் ஆற்றலில் அந்தக் கூடுதல் பங்கு தானே அடங்கிவிடும். ஆர் மறுபடியும் 2க்கே திரும்பும். பின்ன மின்னூட்டமே இறுதியில் வென்றது. ஆனால் ஓர் அளவீடு எதை நிராகரிக்கிறது, எதை நிராகரிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்த அந்தத் தாள் இன்றும் படிக்கத் தக்கது.

மொன்றியல் குழுக்கள்

மெக்கிலில் துகள்களை எண்ணும் மரபு பழையது. 1898 முதல் 1907 வரை அங்கே பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் பெயரைத்தான் இன்றைய இயற்பியல் கட்டடமும் தாங்கியிருக்கிறது. எலக்ட்ரான்–பாசிட்ரான் துறைக்குள் அப்பல்கலைக்கழகம் நுழைந்தது ஹாம்பர்க்கின் டேஸி ஆய்வகத்தில் 1982இல் ஓடத் தொடங்கிய ஆர்கஸ் சோதனை வழியாக. கார்ல்டன், டொராண்டோ, யார்க் ஆகிய கனடியப் பல்கலைக்கழகங்களும் உடன் இருந்தன. ஆர்கஸ் 1987இல் பி மெசானும் எதிர் பி மெசானும் ஒன்று மற்றொன்றாக உருமாறுவதைக் கண்டதற்குப் புகழ்பெற்றது. குவார்க்குகளில் கடைசியான 'டாப்' எதிர்பார்த்ததைவிட மிகக் கனமானது என்று முதலில் உணர்த்தியதும் அதுவே. ஆரவாரமில்லாத இன்னொரு பணியும் அங்கே நடந்தது: 10 ஜி.இ.வி. அருகே பையான், கேயான், புரோட்டான் ஆகிய ஹாட்ரான்கள் ஒவ்வொன்றும் எத்தனை பிறக்கின்றன என்ற பட்டியல். அது பல ஆண்டுகள் மேற்கோளாக நின்றது.

மெக்கிலின் போபட் பட்டேல், டேவிட் மக்ஃபார்லேன் ஆகியோர் ஆர்கஸிலிருந்து பாபாருக்குச் சென்ற தலைமுறையினர். மக்ஃபார்லேன் பின்னாளில் பாபார் குழுவின் தலைமைப் பேச்சாளராகவும் இருந்தார். 1999 முதல் 2008 வரை தரவெடுத்த அந்தச் சோதனையில் மெக்கில், மொன்றியல், பிரிட்டிஷ் கொலம்பியா, விக்டோரியா ஆகிய நான்கு கனடியப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்றன. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் சார்பில் பால் தராஸ் நெடுநாள் அதில் இருந்தார். பாபாரின் நடுவே இருந்த கம்பி அறை கனடாவில், வான்கூவரின் டிரையம்ஃப் ஆய்வகத்தில் பின்னப்பட்டது. ஹீலியமும் ஐசோபியூட்டேனும் நிரப்பிய உருளை அது. 40 அடுக்குகளில் 7,104 அறைகள், ஒவ்வோர் அறைக்கும் நடுவே ஓர் உணர்கம்பி. மின்னூட்டத் துகள் வாயுவைக் கடக்கும்போது உதிரும் எலக்ட்ரான்கள் கம்பியை நோக்கி நகர எடுக்கும் நேரத்தைக் கொண்டு துகளின் பாதையை வரைகிறார்கள். பாபார் எண்ணிய மின்னூட்டத் துகள்களில் பெரும்பாலானவை அந்தக் கம்பிகளைக் கடந்து போனவைதான்.

மெக்கிலின் ஸ்டீவன் ராபர்ட்சன் போன்றோர் பாபாரிலிருந்து பெல் 2 சோதனைக்கு நகர்ந்தார்கள். ட்சுகுபாவில் 2018 ஏப்ரலில் முதல் மோதல், 7 ஜி.இ.வி. எலக்ட்ரான்களும் 4 ஜி.இ.வி. பாசிட்ரான்களும். அதே குழுவில் சென்னை ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. மோதல் புள்ளியைச் சுற்றிய சிலிக்கான் உணர்கருவியின் நான்காம் அடுக்கை உருவாக்கியது மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். மொன்றியலின் மாணவரும் கிண்டியின் மாணவரும் ஒரே தரவுக் கோப்பைத் திறக்கிறார்கள் என்பதில் இன்று யாருக்கும் வியப்பில்லை.

யார் பையான், யார் கேயான்

பாதை தெரிந்தால் உந்தம் தெரியும். துகள் எதுவென்று தெரியாது. அதற்கு வேகமும் வேண்டும். ஓபலின் வாயு அறை நான்கு பார் அழுத்தத்தில் இயங்கியது. ஒரு துகள் அதைக் கடக்கும்போது 159 இடங்களில் அதன் ஆற்றல் இழப்பைப் பதிவு செய்யலாம். ஒரே உந்தமுள்ள பையானும் கேயானும் வெவ்வேறு வேகத்தில் போவதால் இழப்பும் வேறுபடும். ஆனால் 1 ஜி.இ.வி. உந்தத்துக்கு அருகே இரண்டின் வளைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அங்கே எவ்வளவு நல்ல அறையும் ஊமை. பாபார் இந்த இடைவெளியை 144 குவார்ட்ஸ் சட்டங்களால் அடைத்தது. குவார்ட்ஸில் ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகள் நீல ஒளியை உமிழும். ஒளியின் கோணம் வேகத்தைச் சொல்லிவிடும்.

இவ்வாறு தொகுத்த எண்கள் சில. 10 ஜி.இ.வி. அருகே ஒரு ஹாட்ரான் நிகழ்வில் சராசரியாக 6.6 மின்னூட்டப் பையான்கள், 0.90 கேயான்கள், 0.25 புரோட்டான்கள் (எதிர்த்துகள்கள் உட்பட). இசட் ஆற்றலான 91 ஜி.இ.வி.யில் அவை முறையே 17.0, 2.23, 1.05. ஆற்றல் ஒன்பது மடங்கு ஏறியும் பையான்கள் இரண்டரை மடங்கே கூடின. புரோட்டான்களோ நான்கு மடங்கு. குவார்க்குகளை இழுத்துப் பிடித்திருக்கும் நிறப்புலம் அறுந்து அறுந்து புதிய இணைகளைப் பெறுவதாகக் கொள்ளும் லுண்ட் மாதிரி இந்த எண்களைக் கொண்டுதான் செப்பம் பெற்றது. இன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துப் புரோட்டான் மோதல்களை உருவகிக்கும் பிதியா நிரலில் அந்த மாதிரி உயிரோடு இருக்கிறது. குவார்க் எப்படி ஹாட்ரானாகிறது என்பதை முதல் விதியிலிருந்து கணக்கிட இன்னும் எவராலும் முடியவில்லை. அளந்து மாதிரியில் ஊட்டுவதே வழி.

எதை எண்ணுவது என்பதிலும் வழக்கு உண்டு. குறுகிய ஆயுள் கொண்ட நடுநிலைக் கேயானும் லாம்டாவும் சில சென்டிமீட்டர் ஓடிய பிறகு சிதைந்து பையான்களையும் புரோட்டான்களையும் தருகின்றன. அவை மோதலில் பிறந்தவையா, சிதைவில் பிறந்தவையா? வழமையான கணக்கு அவற்றையும் சேர்த்துக்கொள்ளும். பாபார் 2013இல் 10.54 ஜி.இ.வி.யில் வெளியிட்ட பையான், கேயான், புரோட்டான் அளவீடு இரண்டு கணக்கையும் தனித்தனியே கொடுத்தது. நல்ல வழக்கம். அப்படிச் செய்யாத பழைய தாள்களை ஒப்பிடப் புகுந்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

பி மெசான் இணைகளை எண்ணுதல்

பாபாரும், பெல் 2 சோதனையின் முன்னோடியான பெல்லும் 10.58 ஜி.இ.வி.யில் ஓடக் காரணம், அங்கே உள்ள உப்சிலான் துகள் ஏறக்குறைய எப்போதும் ஒரு பி மெசான் இணையாகவே சிதைவது. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 1.1 நானோபார்ன் அளவே. உடன் பிறக்கும் மற்றக் குவார்க் இணைகளின் மொத்தம் ஏறத்தாழ 3.4. பிரிப்பதற்கு அழகான உபாயம் ஒன்று உண்டு. ஓட்டத்தின் ஒரு பகுதியில் ஆற்றலை வெறும் 40 மெகா எலக்ட்ரான்வோல்ட் குறைத்துவிடுவார்கள். பி இணை பிறக்க அந்த ஆற்றல் போதாது. மற்றவை அப்படியே பிறக்கும். மேலே எடுத்த எண்ணிக்கையிலிருந்து கீழே எடுத்ததை லுமினாசிட்டிக்கு ஏற்பப் பெருக்கிக் கழித்தால் பி இணைகள் மட்டும் மிஞ்சும். பாபாரின் மொத்தம் இவ்வாறு ஏறத்தாழ 47 கோடி இணைகள் என்று வந்தது. அச்சோதனை அறிவித்த சிதைவு விகிதங்கள் பலவற்றின் வகுஎண் இதுதான். இதில் ஒரு சதவீதம் பிசகினால் அத்தனையும் ஒரு சதவீதம் பிசகும்.

வளையமும் நிலவும்

மோதல் ஆற்றல் தவறினால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பயனில்லை. லெப் வளையத்தின் சுற்றளவு 26.659 கிலோமீட்டர். நிலவின் ஈர்ப்பால் நிலத்தின் மேலோடு ஏறி இறங்கும்போது அது ஒரு மில்லிமீட்டர் அளவு நீண்டு சுருங்கியது. கற்றை ஆற்றல் 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை பெயர்ந்தது. ஜெனீவா ஏரியின் நீர்மட்டமும் மழையும் கூடத் தம் பங்கைச் செய்தன. பகலில் மட்டும் தோன்றி நள்ளிரவில் அடங்கிய மற்றொரு நடுக்கத்துக்குக் காரணம் பிடிபட நாளானது. அருகே ஓடிய பிரெஞ்சு அதிவேக ரயிலின் மின்னோட்டம் மண் வழியே கசிந்து கற்றைக் குழாயை வந்தடைந்திருந்தது. இவை அனைத்தையும் கணக்கில் சேர்த்ததால்தான் இசட் நிறை 91.1875 ஜி.இ.வி. என்றும் பிழை 0.0021 என்றும் எழுத முடிந்தது.

தீராத பூசல்

துல்லியம் கூடக் கூட உடன்பாடு கூடும் என்பது பொது நம்பிக்கை. இரண்டு பையான்கள் பிறக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு அதைப் பொய்யாக்கியிருக்கிறது. மியூயானின் காந்தத் திருப்புத்திறனைக் கோட்பாட்டால் கணிக்க 1 ஜி.இ.வி.க்குக் கீழ் உள்ள இந்த எண் தேவை. பாபார் தொடக்கநிலைக் கதிர்வீச்சைத் தொல்லையாகக் கருதாமல் கருவியாக்கிக்கொண்டது: மோதும் முன் உமிழ்ந்த ஃபோட்டான் எவ்வளவு ஆற்றலைக் கொண்டுபோகிறதோ அதற்கேற்ப மிச்ச ஆற்றல் தாழும், ஆகவே வளையத்தின் ஆற்றலை மாற்றாமலே 0.3 முதல் 3 ஜி.இ.வி. வரை ஒரே வீச்சில் அளக்கலாம். 2009இல் வந்த விடையின் பிழை முக்கியப் பகுதியில் அரைச் சதவீதம். இத்தாலியின் குளோ சோதனையும் ஏறக்குறைய அதே துல்லியம் என்றது; ஆனால் பாபாரைவிடத் தாழ்ந்த எண்ணைத் தந்தது. 2023இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் சிஎம்டி-3 வெளியிட்டது எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கிறது. ஒவ்வொன்றும் தன் பிழைக்குள் நிற்பதாகச் சொல்ல, ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இதன் விளைவு 2025இல் வெளிப்பட்டது. ஃபெர்மி ஆய்வகம் மியூயான் அளவீட்டின் இறுதி எண்ணை அவ்வாண்டு ஜூனில் கோடியில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவான பிழையோடு அறிவித்தது. ஒப்பிட வேண்டிய கோட்பாட்டாளர்களின் கூட்டமைப்போ எலக்ட்ரான்–பாசிட்ரான் தரவுகளை ஒதுக்கிவைத்து, கணினி வலைப்பின்னல் கணக்கீட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டாக அந்தக் கணிப்பின் முதுகெலும்பாக இருந்த அளவீடுகள், தமக்குள் ஒத்துப்போகாததால், பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பெல் 2 குழு 2024இல் மூன்று பையான் உற்பத்தியை அளந்து பாபாரைவிடச் சற்று உயர்ந்த மதிப்பைக் கண்டிருக்கிறது. இரண்டு பையான் உற்பத்தியையும் அதே முறையில் அளப்பது அக்குழுவின் திட்டங்களில் ஒன்று.